பாதி வழியில் நிற்கும் பல்லேடியம்

வினையூக்கியாகப் பயன்படும் உலோகமான பல்லேடியத்திடம் ஹைட்ரஜனையும், கார்பன்களுக்கிடையே முப்பிணைப்புள்ள ஆல்கைனையும் கொடுத்தால், இரட்டைப் பிணைப்பில் (ஆல்கீன்) நில்லாமல் ஒற்றைப் பிணைப்பு (ஆல்கேன்) வரை போய்விடும். வைட்டமின் ஏ தயாரிப்பில் இந்த வேகம் ஆகாது. மூலக்கூறில் ஏற்கெனவே இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைத் தொடாமல், முப்பிணைப்பை மட்டும் ஒரு படி இறக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஹோஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் லிண்ட்லர் 1952இல் வெளியிட்ட வழி: பல்லேடியத்துக்கு அளவாக விஷம் வைப்பது.

கால்சியம் கார்பனேட் தூளின்மேல் சுமார் 5 சதவீதம் பல்லேடியத்தைப் படியவைத்து, காரீய உப்பான லெட் அசிடேட்டின் கரைசலில் சூடாக்குவார்கள். பரப்பில் துடிப்பு மிகுந்த இடங்களைக் காரீயம் அடைத்துவிடும். ஆல்கைன் பல்லேடியத்தை இறுகப் பற்றும், ஆல்கீனின் பிடி தளர்வு. எனவே ஆல்கைன் தீரும்வரை ஆல்கீனுக்கு அங்கே இடமில்லை. உடன் சேர்க்கும் குயினோலின் என்ற நைட்ரஜன் சேர்மமும் அதே இடங்களுக்குப் போட்டியிட்டு ஆல்கீனை விலக்கிவைக்கும். இரண்டு ஹைட்ரஜன்களும் உலோகம் இருக்கும் பக்கத்திலிருந்தே ஏறுவதால் கிடைப்பது பெரும்பாலும் சிஸ் ஆல்கீன், அதாவது அந்த ஹைட்ரஜன்கள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இருப்பது.

10 மில்லிமோல் ஆல்கைனுக்கு அறை வெப்பத்தில் சுமார் 245 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் போதும். வினையூக்கி, ஆல்கைனின் எடையில் 5 சதவீதம் போட்டுத் தொடங்கலாம். ஹைட்ரஜன் பலூனைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இந்த வினை சரிப்படாது. அளவுக்குழாயில் வாயு குறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆல்கைன் தீர்ந்தபின் வேகம் குறையலாம், ஆனால் வினை தானாக நிற்கும் என்று நம்பக்கூடாது. முப்பிணைப்பு சங்கிலியின் முனையில் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

வினை எதுவரை வந்தது என்று பார்க்க உதவும் டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தகட்டில் ஆல்கைன், ஆல்கீன், ஆல்கேன் மூன்றும் ஒரே உயரத்தில் ஏறி ஏமாற்றும். சில்வர் நைட்ரேட் பூசிய தகட்டில் ஆல்கீன் பின்தங்கித் தனியே தெரியும். வினை தொடங்கவே இல்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கந்தகம்: முந்தைய படியின் தயோல் (கந்தகச் சேர்மம்) மிச்சம் சிறிதளவு இருந்தாலும் பல்லேடியம் செத்துவிடும். பழுப்பேறிய பழைய குயினோலினைக் காய்ச்சி வடித்தபின் பயன்படுத்துங்கள்.

விபத்து பெரும்பாலும் வடிகட்டும்போதுதான். ஹைட்ரஜன் ஏறிய பல்லேடியம் காய்ந்து காற்றுப் பட்டால், மெத்தனால் போன்ற கரைப்பானின் ஆவியைப் பற்றவைக்கும். முதலில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கலத்திலுள்ள ஹைட்ரஜனை வெளியேற்றி, செலைட் (வடிகட்ட உதவும் நுண்மண் தூள்) படுகையில் வடிகட்டுங்கள். படுகை ஈரமாக இருக்கும்போதே நீர் ஊற்றிய கழிவுப் பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். காரீயம் கலந்த கழிவு என்பதால் அதைக் கழுவுதொட்டியில் கொட்டக்கூடாது.