பவளத்தீவு இல்லை, வளையப்பார்

"பல்மைரா பவளத்தீவு ஒரு தனியார் அமைப்புக்குச் சொந்தம்." இந்த வாக்கியத்தைப் போன வாரம் மூன்றாவது தடவையாகப் படித்தேன். ஒரு மகானுபாவர் இன்னும் ஒரு படி மேலே போய் 'பனைத்தீவு' என்றே எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் பனைக்கும் பல்மைரா என்றே பெயர், அதனால் வந்த வினை. பசிபிக் கடலில் கிடக்கும் அந்த இடத்துக்கு வந்தது, 1802இல் அங்கே தரைதட்டிய பல்மைரா என்ற கப்பலின் பெயர். நம் பனைமரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அங்கே காடாக மண்டிக் கிடந்தது தென்னை.

அது கிடக்கட்டும். என் சண்டை, 'அடோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக எழுதப்படும் 'பவளத்தீவு' என்ற சொல்லோடுதான்.

அடோல் என்பது மாலத்தீவின் திவெகி மொழியிலிருந்து வந்த சொல், மூலம் 'அத்தொளு'. அதை உலகம் முழுக்கப் பரப்பியதில் டார்வினுக்குப் பெரிய பங்கு உண்டு. எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதன் ஓரத்தில் பவளம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போக, கடைசியில் மலை மறைந்து நடுவில் களப்பு எனும் அடைபட்ட நீர்ப்பரப்பும் சுற்றி ஒரு வளையமும் மிஞ்சும் என்று 1842இல் எழுதினார். வளையத்தின் மேல் அங்கங்கே மணல் சேர்ந்த இடங்கள்தான் தீவுகள். ஆக அடோல் என்பது மொத்த அமைப்பின் பெயர். அதைத் தீவு என்பது மாலையைப் பூ என்பது போல.

சரி, பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் பல்மைராவின் நிர்வாகத்தைத் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டரில், நிரந்தரக் குடியே இல்லாத இடம். ஆராய்ச்சியாளர்களும் பராமரிப்பாளர்களும் வந்து தங்கிப் போவார்கள், அவ்வளவுதான். அங்கே விமான ஓடுபாதை இருக்கும் கூப்பர் தீவு, 2000இல் பல்மைராவின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கிய நேச்சர் கன்சர்வன்சி என்ற தனியார் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கையில். வேறு பல தீவுகளும் சுற்றியுள்ள நீர்ப்பரப்பும் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையிடம். ஹோம் தீவுகள் என்ற சிறு திட்டுகள் பழைய உரிமையாளர் கூப்பரின் வாரிசுகளிடம். இத்தனைக்கும் சேர்த்து 'அந்தப் பவளத்தீவு' என்று ஒருமையில் எழுதினால் எந்தத் தீவு யாருடையது என்று வாசகர் எப்படிப் புரிந்துகொள்வார்? மேலே சொன்ன வாக்கியம் பொய்யாகிப் போனது இப்படித்தான். மாலத்தீவில் அத்தொளு என்பது நிர்வாகப் பிரிவின் பெயரும்கூட, பல தீவுகள் சேர்ந்தது ஒரு பிரிவு. சொல் பிறந்த மொழியிலேயே தெளிவாக இருக்கும் வேறுபாட்டை நாம் ஏன் குழப்ப வேண்டும்?

இன்னொரு கோளாறும் உண்டு. பவளத்தீவு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தமிழகக் கரையோரமாக உள்ள தீவுகளும் பவளத்தீவுகள்தான், ஆனால் ஒன்றுகூட அடோல் கிடையாது. லட்சத்தீவில் இருப்பவை அடோல்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது?

'வட்டப் பவளத்திட்டு' என்று எழுதுபவர்கள் பரவாயில்லை, யோசித்திருக்கிறார்கள். ஆனால் பல்மைரா வட்டமே இல்லை, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. எனக்கு 'வளையப்பார்' பிடிக்கும். கடலடிப் பாறைப்பரப்பைப் பார் என்பது தூத்துக்குடிக் கடற்கரையின் பழைய வழக்கு, முத்துப்பார் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுவில் இருப்பதற்குக் களப்பு என்று மட்டக்களப்பில் கேட்டால் சொல்வார்கள். கடலோரத்தில் இத்தனை சொற்கள் கிடக்க, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது என்ன மொழிபெயர்ப்போ! வளையப்பார் வேண்டாமென்றால் அடோல் என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

பல்மைராவின் சட்டநிலையிலும் இதே கூத்துதான். 1959இல் ஹவாய் மாநிலமானபோது பல்மைராவைச் சேர்க்காமல் விட்டார்கள். ஆனாலும் அது அமெரிக்காவோடு முழுமையாக இணைக்கப்பட்ட ஆட்சிப்பகுதி, அரசியல் சட்டம் முழுதாகச் செல்லும், அப்படி இருப்பது இன்று அது ஒன்றுதான். சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்ற அமெரிக்க ஆட்சிப்பகுதிகள் 'இணைக்கப்படாதவை'. அதையும் 'ஒருங்கிணைக்கப்படாத தீவு' என்று பல்மைராவின் தலையில் கட்டிவிட்டார்கள்.