வார்டில் ஒரு மரணம்: பணியாளர்களுக்கு எப்போது, என்ன உதவி?

பிரசவ வார்டில் ஒரு தாய் இறந்துவிட்டால், டூட்டியில் இருந்த எல்லோரையும் மறுநாளே ஓர் அறையில் உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வது சில இடங்களில் வழக்கம். நல்ல எண்ணம்தான், ஆனால் பலனில்லை. இப்படி ஒரே அமர்வில் எல்லோரையும் பேசவைப்பதால் பிற்பாடு வரும் மனக்காய நோய் குறைவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. படபடப்பே அடங்காத மனதை அதே காட்சிக்குள் திரும்ப இழுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஒவ்வொருவரும் தான் பார்க்காததையும் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கேட்டுச் சுமந்துகொண்டு போகிறார்.

அன்றைக்குத் தேவை வேறு. சம்பந்தப்பட்டவரை அரை மணி நேரமாவது நோயாளிப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். அந்த நேரத்துக்கு மாற்று ஆள் யார் என்பது டூட்டி ரோஸ்டரில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இது ஒருபோதும் நடக்காது. முகம் கழுவ ஓர் இடமும் ஒரு டீயும் கிடைக்கட்டும். "சாப்பிட்டீங்களா? வீட்டுக்கு யாரோட போறீங்க?" என்று கேட்டால் போதும். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். "இதெல்லாம் சகஜம், போகப்போகப் பழகிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட ஹவுஸ் சர்ஜன் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். நைட் டூட்டி முடித்தவரைத் தனியாக டூவீலரில் அனுப்ப வேண்டாம். தூங்கட்டும் என்று வார்டு ஸ்டாக்கிலிருந்து அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் தவறு. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அந்த வகை மருந்துகள் கூடாது என்பதே வழிகாட்டுதல்.

மரணம் எப்படி நேர்ந்தது என்று ஆராயும் மரணத் தணிக்கை நடக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை மணிக்கு யார் என்ன செய்தார் என்று கேஸ் ஷீட்டை வைத்துக் கேட்பவரிடமே மனதையும் திறக்கச் சொன்னால் யார் திறப்பார்? மனநல ஆலோசகர் வேறு ஆளாக, முடிந்தால் வேறு துறையிலிருந்து வர வேண்டும். பேசியது பணிப் பதிவேட்டில் ஏறாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வோம் என்பதை முதல் நிமிடமே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011 முதல் சக பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, கூப்பிட்டால் வரும் குழுவாக வைத்திருக்கிறார்கள். வெளியாளிடம் சொல்லத் தயங்குபவர்கூட, அதே வேலை பார்ப்பவரிடம் சொல்லிவிடுவார்.

மூன்றாம் நாள் ஒரு போன் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் ஒருமுறையும், மாதம் முடிந்ததும் ஒருமுறையும் நேரில் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இந்தப் பாதிப்பு தானாகவே தணிந்துவிடும். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போகாமல் இருப்பது, ஒரே டோஸைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, அட்டெண்டர்களிடம் எரிந்து விழுவது, வார்டு மாற்றம் கேட்பது ஆகியவை ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இப்படி விசாரிக்க வேண்டியவர்கள் பட்டியலில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவரையும் தரையைக் கழுவிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் யாரும் கேட்பதேயில்லை.

ஆள் பற்றாக்குறையாலும் தொடர் நைட் டூட்டியாலும் வரும் பணிச்சோர்வு வேறு விஷயம். அதை நோயாக அல்லாமல், வேலைச் சூழலால் வரும் நிலையாகத்தான் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. ரோஸ்டரைத் திருத்தாமல் யோகா வகுப்பு மட்டும் வைப்பது, அதுவும் நைட் முடித்தவர்களை உட்காரவைத்து, வெறும் கண்துடைப்பு.

பணியாளரின் மனச்சோர்வை அளக்கப் பயன்படும் பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் மொத்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான பரிசோதனை தேவை. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லவே இல்லை' தவிர வேறெந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆனால் ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் ஆட்களுக்கு ஆபத்தான மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், போன் எண் கொடுத்ததோடு விட்டுவிடக் கூடாது. மருந்து அலமாரிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அந்த எண்ணம் இருப்பவரைத் தனியே விடாமல் அன்றே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும்.