விற்ற தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

"ஆஸ்திரேலியாவில் விவசாயிகள் ஆற்றுத் தண்ணீரை ஆன்லைனில் வாங்கி விற்கிறார்களாமே, அதை எப்படி அனுப்பிவைப்பார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். லாரியும் கிடையாது, குழாயும் கிடையாது. எல்லாம் முர்ரே ஆறு வழியாகத்தான்.

1995-ல் முர்ரே-டார்லிங் படுகையில் தண்ணீர் எடுப்பதற்கு உச்சவரம்பு போட்டார்கள். அப்புறம் கூடுதலாக வேண்டுமென்றால், வைத்திருப்பவரிடம் வாங்குவதுதான் வழி. நிரந்தரப் பங்கு ஒன்று. அந்தப் பங்குக்கு இந்த வருடம் கிடைக்கும் ஒதுக்கீடு இன்னொன்று. தென்னந்தோப்பும் தேங்காயும் மாதிரி இரண்டையும் தனித்தனியே விற்கலாம். தோப்பு உங்களுடையதுதான், ஆனால் எத்தனை காய் என்பது அணையின் இருப்பைப் பொறுத்தது.

சரி, டெனிலிக்வின் ஊர் நெல் விவசாயி தன் ஒதுக்கீட்டை ராபின்வேல் பக்கத்துப் பாதாம் தோட்டத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் பெயர் மாறும். ஆற்றின் மேற்பகுதியில் தண்ணீரைத் தேக்கிவைக்கும் ஹியூம் அணையில் ஒரு சொட்டும் அசையாது. முன்பு யாரவோங்கா தடுப்பணையில் வாய்க்காலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய தண்ணீர், இனி ஆற்றோடு கீழே போக வேண்டும். அங்கேதான் பார்மா இடுக்கு, அதாவது ஆறு மிகக் குறுகிப்போகும் பகுதி, குறுக்கே நிற்கிறது.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கேடல் பிளவு என்ற நிலப்பிளவின் ஓரமாக நிலம் மேலெழுந்தது. ஆறு திசை மாறி ஒரு குறுகிய தடத்தில் புகுந்தது; அதுதான் இந்த இடுக்கு. அந்த இடத்தில் கரை வழியாமல் நாளொன்றுக்கு சுமார் 900 கோடி லிட்டர்தான் போகும். நம் கணக்கில் விநாடிக்கு ஏறக்குறைய 3,700 கன அடி. ஒரு டி.எம்.சி. கடக்க மூன்று நாளுக்கு மேல் ஆகும்! அதை மீறித் திறந்தால் கரையோரச் செம்மரக் காட்டுக்குள் வெள்ளம் புகும். அது யூகலிப்டஸ் இனம். குளிர்கால, வசந்தகால வெள்ளத்துக்குப் பழகியது. கோடையில் வேர் ஊறிக் கிடந்தால் தாங்காது.

அதனால் ஒரு விதி: இடுக்குக்குக் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு எவ்வளவு விற்றாரோ, அந்த அளவுக்குத்தான் மேலிருந்து கீழே விற்க முடியும். ஆறு மேல்நோக்கி ஓடாதே, எப்படி விற்பது என்று தோன்றும். எனக்குப் பிடித்த இடமே இதுதான். கீழே உள்ளவர் விற்றுவிட்டால், அவருக்காக இடுக்கைக் கடக்க வேண்டியிருந்த தண்ணீர் மேலேயே நின்றுவிடுகிறது. அது வராததால் காலியான இடத்தில்தான் நெல் விவசாயி விற்ற தண்ணீர் நுழைகிறது. இரண்டு விற்பனை நடந்தும் இடுக்கில் ஓடும் அளவு மாறவில்லை!

இப்போது இடுக்கின் அடியில் மணல் வேறு சேர்ந்து கிடக்கிறது. அதில் கணிசமான பங்கு, 19-ஆம் நூற்றாண்டில் மேற்பகுதியில் தங்கத்துக்காக வெட்டிக் கழுவிய மண். மணல் ஏறினால் ஓடும் அளவு குறையும், விற்கக்கூடிய அளவும் அதோடு குறையும். எந்த அரசாக இருந்தாலும், தண்ணீர்ச் சந்தையைத் திறப்பதற்கு முன் ஆற்றின் அடித்தளத்தை அளக்கவும், ஒவ்வொரு பம்புக்கும் மீட்டர் வைக்கவும் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.