உண்ணிக்கு வேப்பெண்ணெய் போதுமா? கடற்கரை நாய்களுக்குக் கைவைத்தியமும் ஊசி மருந்தும்

கீழக்கரையில் இருந்து தொண்டி வரை எந்தக் கடற்கரை ஊரிலும் நாய்க்குச் சொறி என்றால் முதல் யோசனை கடல்தான். "நாலு நாளைக்குக் கடல்ல முக்கி எடுங்க, போயிரும்" என்பார்கள். இதை முழுக்கத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. உப்புத் தண்ணீர் புண்ணைச் சுத்தம் செய்யும். ஆனால் எவ்வளவு உப்பு என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் புண் கழுவும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். ரத்தத்தின் உப்புத்தன்மையும் ஏறக்குறைய அதுதான், அதனால் எரியாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அது புண்ணுக்குள் இருக்கும் நல்ல செல்களின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும். கரையேறிய பிறகு உப்பு தோலில் காய்ந்து படியும், நாய் அதை நக்கும், பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு போட்டாலே போதும், கடலிடம் எதிர்பார்த்த வேலையை அது செய்துவிடும்.

புண் ஆறினாலும் சொறி போகாது என்பது வேறு விஷயம். சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. அதில் ஒரு வகை தோலின் மேலடுக்கில் குடைந்து முட்டையிடும். தாங்க முடியாத அரிப்பு, காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி உதிர்வது அதன் அடையாளம். நாயின் காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகவே சொறிய எழுந்தால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இது மனிதருக்கும் தொற்றி அரிப்பைத் தரும். இன்னொரு வகை மயிர்க்கால்களுக்குள் வாழ்வது. அது குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்து வந்து, பல நாய்களிடம் தொந்தரவு இல்லாமல் இருந்துகொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் தலைதூக்கும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று உறுதியாகும்.

படகு இன்ஜினில் வடித்த பழைய ஆயிலில் கந்தகத்தைக் குழைத்துப் பூசுவது இங்கே பழகிப்போன வைத்தியம். இதில் வேலை செய்வது கந்தகம். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலைத் தோல் நோய்க்கு மருத்துவர்களும் பயன்படுத்துவது உண்டு. ஆனால் பெயர் வாங்குவது ஆயில். அந்த ஆயில் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் குடலுக்குப் போகும், நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. நல்ல மருந்தை விஷத்தில் குழைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது அதைவிட எவ்வளவோ மேல். 1992ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த விழுதைப் பூசிக்கொண்ட 814 சிரங்கு நோயாளிகளில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானது. ஆனால் அவர்கள் மனிதர்கள், பூசியதை நக்காதவர்கள், உடம்பெல்லாம் முடி இல்லாதவர்கள். நாய்க்கு இது அரிப்பைத் தணிக்கும் துணையாக இருக்கலாம். பூச்சியைத் தீர்க்க மருத்துவர் தரும் மாத்திரையோ ஊசியோ வேண்டும்.

ஆக, எந்த வைத்தியமானாலும் அது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதை உண்ணியை வைத்துப் பார்ப்பதுதான் சுலபம்.

நம் பக்கத்து நாய்களில் அதிகம் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. குஞ்சு, இளம்பருவம், வளர்ந்தது என மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்து, சுவர் இடுக்கிலோ ஓலைக் கீற்றின் மடிப்பிலோ போய்த் தோலுரிக்கும். பெண் உண்ணி வயிறு புடைக்கக் குடித்துவிட்டுச் சுவரேறி, விரிசலுக்குள் சில ஆயிரம் முட்டைகள் இடும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாயின் மேல் நீங்கள் பார்க்கும் பத்துப் பதினைந்து உண்ணி ஒரு சிறு பகுதிதான். மற்றதெல்லாம் கொட்டகையில் இருக்கிறது.

இங்கே வேப்பெண்ணெயின் கதையைப் பார்க்கலாம். அதில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிக்கும் ஹார்மோனைக் குழப்பும் பொருள். தொட்டவுடன் கொல்லும் விஷம் அல்ல. உண்ணி தோலுரிப்பதோ நாயின் முதுகில் அல்ல, சுவரில். எனவே நாய்க்கு எண்ணெய் தேய்ப்பதால் வாடைக்குச் சில உண்ணிகள் ஒதுங்கலாம், கொட்டகைக்குள் பெருகும் கூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு நம் பாட்டிமார் செய்ததுதான் சரி: விரிசலைப் பூசி அடைத்து, வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பது. முட்டையிட இடமே இல்லாமல் செய்வதற்கு ஈடாக எந்த ஸ்பிரேயும் இல்லை என்பது என் கட்சி. பழைய ஓலையை மாற்றுவது, நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு எடுப்பது எல்லாம் இதோடு சேர்த்தி.

உண்ணி கடித்த பிறகு நடப்பது வேறு. அதன் எச்சிலோடு எர்லிச்சியா என்ற பாக்டீரியா சில மணி நேரத்திலேயே உள்ளே இறங்கி, வெள்ளை அணுக்களுக்குள் குடியேறிவிடும். காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, பிளேட்லெட் குறைவதால் மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள். டெங்கு காலத்துப் பழக்கத்தில் பப்பாளி இலைச்சாறு கொடுப்பவர்கள் உண்டு. பிளேட்லெட் எண்ணிக்கை கொஞ்சம் ஏறினாலும் கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து நாம்தான் ஏமாந்துபோவோம். இதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து வாலாட்டும், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அணுக்களுக்குள் மிச்சம் இருப்பது சில மாதம் கழித்து மறுபடி கிளம்பும். உண்ணி பரப்பும் பபேசியா என்ற இன்னொரு கிருமி சிவப்பணுக்களை உடைப்பது. அதற்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் கேட்காது. இதனால்தான் மாட்டாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். நாயின் மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். ஈறு முதலிலேயே வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் கைவைத்தியத்துக்கு நேரம் இல்லை. (கறுப்பு ஈறு உள்ள நாய்க்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.) மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதை நம்ப வேண்டாம். நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர்தான் சாட்சி. அதற்காக வீட்டில் கிடக்கும் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். முன்னது ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும், பின்னது வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இரண்டு வைத்தியத்தையும் சேர்க்கும்போது ஒன்றை ஒன்று கெடுக்காமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை. டாக்ஸிசைக்ளினைப் பாலில் கரைத்துக் கொடுப்பது சகஜம். பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலில் இறங்கவிடாது. அதைவிட மோசம் ரத்த டானிக்கின் இரும்புச்சத்து. சோகை பிடித்த நாய்க்கு இரண்டையும் ஒரே சீட்டில்தான் எழுதித் தருவார்கள், நாமும் ஒரே நேரத்தில் ஊற்றிவிடுவோம். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை வெறுமனே தொண்டைக்குள் தள்ளாமல் சோற்று உருண்டையில் வையுங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டினால் அந்த இடம் புண்ணாகிவிடும். பிடரியில் சொட்டுவிடும் ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து தோலின் இயற்கை எண்ணெயோடு கலந்துதான் உடம்பெல்லாம் பரவுகிறது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாளுக்கு ஷாம்பு குளியலும் வேப்பெண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம்.

கொக்கிப்புழுவுக்கு இந்த ஊர் மணல் வசதியான இடம். லார்வா மணலில் இருந்து தோல் வழியாகவும் ஏறும், தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். பூச்சி விழட்டும் என்று குட்டிக்குப் பூண்டு இடித்துக் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. ஒரு பக்கம் புழு உறிஞ்ச, மறுபக்கம் நாமே இருப்பதையும் உடைக்கிறோம். பிறந்து இரண்டு வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பதோடு இதை முடித்துக்கொள்ளலாம்.

சாதாரண வயிற்றுப்போக்குக்குக் கஞ்சி அருமையான மருந்து. அரிசி மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து, சோடியத்தோடு சேர்ந்து குடல் சுவரைத் தாண்டும்போது தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே ஒரு சிட்டிகை உப்பு இருந்தால்தான் கஞ்சிக்கு அந்தப் பலன். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியோடு ரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு டிரிப்ஸ்தான்.

கரையில் ஒதுங்கும் விஷமுள்ள பேத்தை மீனைத் தின்ற நாய் எச்சில் வடித்துத் தள்ளாடினால் முட்டையோ மோரோ ஊற்றாதீர்கள். அந்த விஷம் நரம்பைச் செயலிழக்கச் செய்யும், விழுங்கவே முடியாத நாய்க்கு ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் போகும். மாற்று மருந்து கிடையாது, மூச்சு நிற்காமல் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. வண்டியைப் பிடியுங்கள்.

வயதான நாயின் மூட்டு வலியில்தான் இரண்டு வைத்தியமும் நன்றாகக் கைகோக்கின்றன. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சாளையிலும் சூடையிலும் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, மூட்டு வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உருவாவதைக் குறைக்கும். 2010ல் வெளியான ஓர் ஆய்வில் மீன் எண்ணெய் சேர்த்த உணவு தின்ற நாய்களுக்குக் கார்ப்ரோஃபென் என்ற வலி மாத்திரையின் அளவைச் சீக்கிரமாகக் குறைக்க முடிந்தது. ராமநாதபுரம் மண்டை என்ற இனம் போன்ற கனத்த நாய்க்கு எடையையும் குறைத்தால் இன்னும் நல்லது. மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் மருத்துவர் சொல்லட்டும். மீனைப் பச்சையாகப் போட வேண்டாம், இந்த வகை மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி ஒன்று உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். முள் குழையும்வரை வேகவிட்டு, குழம்பில் உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேரும் முன்பே நாயின் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.