போர் மூண்டால் எந்த விலை, எப்போது ஏறும்?

1991 ஜனவரி 17. குவைத்தை மீட்க அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை ஈராக் மேல் குண்டு வீசத் தொடங்கிய முதல் நாள். அன்று நியூயார்க் சந்தையில் கச்சா எண்ணெய், பீப்பாய்க்கு 32 டாலரிலிருந்து 21 டாலர் சொச்சத்துக்கு விழுந்தது. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு. போர் என்றால் விலை ஏறும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதிர். ஆனால் ஏறவேண்டியது எல்லாம் முன்பே ஏறிவிட்டது. 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது தொடங்கிய ஏற்றம், அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்து சவூதியின் எண்ணெய் வயல்களுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சமும் அந்த விலையில் சேர்ந்திருந்தது. முதல் இரவிலேயே அப்படி ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. சர்வதேச எரிசக்தி முகமையும் கையிருப்பைத் திறக்க முன்வந்தது. அச்சத்துக்காகக் கொடுத்த விலை அன்றே இறங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. எத்தியோப்பியாவின் திக்ராயில் 2020 முதல் 2022 வரை நடந்த போரில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். உலகக் கோதுமைச் சந்தையோ எண்ணெய்ச் சந்தையோ அதற்காகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடூரம்தான், ஆனால் சந்தை அப்படித்தான் இயங்குகிறது. அது உயிர்களை எண்ணுவதில்லை. எந்தச் சரக்கு எங்கே நின்றது, வேறு வழி இருக்கிறதா, எத்தனை நாள் ஆகும் என்று மட்டுமே கணக்குப் பார்க்கும். போர்ச் செய்தி வாசிக்கும்போது நாமும் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டால், எந்த விலை ஏறும் என்பது பாதி பிடிபட்டுவிடும்.

சிறு குறைவு, பெரிய விலை

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது உலகச் சந்தையில் குறைந்தது ஏறத்தாழ 7 சதவீதம். விலையோ சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலருக்கு வந்தது. 7 சதவீதக் குறைவுக்கு நான்கு மடங்கு விலை ஏன்? எண்ணெயின் பயன்பாட்டை யாராலும் உடனே குறைக்க முடியாது. லாரி ஓடியாக வேண்டும், ஆலை இயங்கியாக வேண்டும். யாராவது ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கும்வரை விலை ஏறிக்கொண்டே போகும். அப்படி ஒதுங்குபவர் பெரும்பாலும் கையில் காசு குறைவாக உள்ளவர்.

2022-இல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தபின் எரிவாயுவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ரஷ்யாவிலிருந்து குழாய் வழியே வந்த எரிவாயு குறையக் குறைய, ஐரோப்பா திரவ எரிவாயுக் கப்பல்களை விலை ஏற்றி இழுத்தது. எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதைத்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். அந்தக் கப்பல்கள் உலகத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. ஒன்று ஐரோப்பா பக்கம் திரும்பினால் வேறொரு துறைமுகத்துக்கு அது இல்லை. ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட் மணிக்கான எரிவாயு ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. அதற்கு முந்தைய பத்தாண்டில் அது பெரும்பாலும் 30 யூரோவுக்குள் இருந்த பொருள். ஏலத்தில் போட்டிபோட முடியாத பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் மணிக்கணக்கில் மின்வெட்டு. சண்டை நடந்த இடத்துக்கும் அங்கே இருண்ட வீடுகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல்.

மின்கட்டணத்துக்குள் எரிவாயு நுழையும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. பல நாடுகளின் மின்சந்தையில் மலிவான நிலையத்திலிருந்து தொடங்கி வரிசையாக மின்சாரம் வாங்கிக்கொண்டே போவார்கள். தேவையை நிறைவுசெய்யக் கடைசியாக ஓடும் நிலையத்தின் செலவே அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் விலை. அந்தக் கடைசி நிலையம் அநேகமாக எரிவாயு நிலையம். மொத்த மின்சாரத்தில் எரிவாயுவின் பங்கு கால்வாசியாக இருந்தாலும், விலையை நிர்ணயிப்பது அதுதான்.

கப்பல் கணக்கு

உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பாரசீக வளைகுடாவின் வாசலான ஹார்முஸ் நீரிணை வழியே 2024-இல் போனது. திரவ எரிவாயு வணிகத்திலும் அதே அளவு. செங்கடலின் தென்வாசலான பாப் எல் மந்தெப்பும் சூயஸ் கால்வாயும் ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் குறுக்குவழி. இந்த இடங்களில் பதற்றம் என்றவுடன் செய்திகளில் "காப்பீட்டுக் கட்டணம் பத்து மடங்கு" என்று வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லண்டன் காப்பீட்டுச் சந்தையில் ஆபத்தான கடற்பகுதிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் உள்ள பகுதிக்குள் போகும் கப்பல், வழக்கமான காப்பீட்டுக்கு மேல் தனியாகப் போர் ஆபத்துப் பிரீமியம் கட்ட வேண்டும். பொதுவாக ஏழு நாள் பயணத்துக்கு, கப்பல் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. 3 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு சரக்குக் கப்பல், 60,000 டன் கோதுமையுடன் போகிறது, பிரீமியம் 1 சதவீதம் என்று வையுங்கள். 3 லட்சம் டாலர். கேட்டால் தலைசுற்றும். டன்னுக்குப் பிரித்தால் 5 டாலர். 10 கோடி டாலர் மதிப்புள்ள பெரிய எண்ணெய்க் கப்பல் 20 லட்சம் பீப்பாய் ஏற்றும். அரை சதவீதம் பிரீமியம் என்றால் 5 லட்சம் டாலர், பீப்பாய்க்கு 25 சென்ட். விலையைத் தூக்குவது இந்தத் தொகை அல்ல.

தூக்குவது நாள்கள். 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையின் தாக்குதல் தொடங்கியபின் பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஒரு நடைக்குச் சுமார் 10 முதல் 14 நாள் கூடுதல். போய்வர 60 நாளாகும் தடத்தில் 20 நாளுக்கு ஒரு கப்பல் விட மூன்று கப்பல் போதும். அதுவே 80 நாளானால் நான்காவது கப்பல் வேண்டும். எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில் நான்காவது கப்பலைத் தேடினால், செங்கடல் பக்கமே போகாத தடங்களிலும் வாடகை ஏறும். காலி கன்டெய்னர்கள் திரும்பி வரத் தாமதமாகும். போருக்குச் சம்பந்தமே இல்லாத சரக்கு, சம்பந்தமே இல்லாத துறைமுகத்தில் வாரக்கணக்கில் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

தானியம் அழிவதில்லை, மாட்டிக்கொள்கிறது

2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா படையெடுத்தபின் உக்ரைனில் 2 கோடி டன்னுக்கு மேல் தானியம் கிடங்குகளிலேயே தங்கியது. விளைச்சல் இருந்தது, துறைமுகம்தான் இல்லை. ரயிலில் அனுப்பலாமே என்றார்கள். உக்ரைன் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர். எல்லைக்கு அப்பால் போலந்தில் 1,435. எல்லையில் சரக்கை இறக்கி வேறு வேகனில் ஏற்ற வேண்டும், அல்லது வேகனின் சக்கரச் சட்டத்தையே மாற்ற வேண்டும். 60,000 டன் கப்பல் ஒன்றின் சரக்குக்கு 70 டன் வேகன்கள் 850-க்கு மேல் தேவை. அறுவடைக் காலம் நெருங்க, பழைய தானியம் வெளியேறாமல் புதியதைக் கொட்ட இடமில்லை.

அந்த ஜூலை 22-இல் இஸ்தான்புல்லில் கையெழுத்தான கருங்கடல் தானிய ஒப்பந்தம் ஒடேசா உள்ளிட்ட மூன்று துறைமுகங்களைத் திறந்தது. 2023 ஜூலை 17-இல் ரஷ்யா விலகும்வரை ஏறத்தாழ 3.3 கோடி டன் வெளியே போனது.

போரைவிடப் பெரிய சேதத்தைச் சில சமயம் அரசுகளின் பதற்றமே செய்துவிடுகிறது. போருக்கு முன் உலகச் சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் சுமார் பாதி உக்ரைனுடையது. அது நின்றதும் எல்லோரும் பாமாயிலுக்கு ஓடினார்கள். உள்நாட்டு விலை ஏறுகிறதே என்று இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்று வாரம் சொச்சத்தில் விலக்கிக்கொண்டது. மே 13-இல் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஒரு நாடு கதவைச் சாத்தினால், அடுத்த நாடு தன் மக்களுக்குப் பதில் சொல்வதற்காகவே சாத்தும். 2008-இல் அரிசியில் நடந்தது இதேதான்: போரும் இல்லை, பெரிய விளைச்சல் இழப்பும் இல்லை, பெரும்பாலும் தடையும் பதுக்கலுமே விலையைச் சில மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றின. அதனால் போர் தொடங்கிய பிறகு முதலில் தேட வேண்டியது ஏற்றுமதித் தடை அறிவிப்புகளை. போர்முனை வரைபடம் அதற்குப் பிறகுதான்.

யாரும் கவனிக்காத யூரியா

தொலைக்காட்சி பீப்பாய் விலையைக் காட்டும். உணவு விலையை முன்கூட்டிச் சொல்வது எரிவாயு விலைதான், யூரியா வழியாக. ஒரு டன் யூரியாவுக்கு ஏறத்தாழ 0.58 டன் அம்மோனியா வேண்டும். ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 35 மில்லியன் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிவாயு. ஆக ஒரு டன் யூரியாவுக்குள் குறைந்தது 20 மில்லியன் பி.டி.யு. எரிவாயு அடங்கியிருக்கிறது. எரிவாயு மில்லியன் பி.டி.யு.வுக்கு 3 டாலராக இருந்தால் அது 60 டாலர் செலவு. 30 டாலரானால் 600. 2022-இல் ஐரோப்பாவின் அம்மோனியா ஆலைகள் பல மூடிக்கிடந்ததற்கு விளக்கம் இந்த ஒரு பெருக்கல்தான். அதே நேரத்தில் ரஷ்யாவின் தொல்யாத்தியிலிருந்து ஒடேசாவுக்கு அம்மோனியா கொண்டுவந்த, 2,400 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாயும் போரின் முதல் நாளே நின்றது. ஏப்ரலில் யூரியா டன் 900 டாலரைத் தாண்டியது.

இங்கே விவசாயி செய்யும் தேர்வு முக்கியம். பொட்டாஷையும் பாஸ்பேட்டையும் நல்ல மண்ணில் ஒரு பருவம் குறைத்தால் பயிர் பெரும்பாலும் தாங்கும். மண்ணில் கொஞ்சம் இருப்பு இருக்கும். யூரியா தரும் தழைச்சத்தைக் குறைத்தால் அந்தப் பருவமே விளைச்சல் படுக்கும். விலைக்குப் பயந்து இந்தப் பருவம் யூரியாவைப் பாதியாக்கினால், அதன் விளைவு சந்தைக்கு வருவது அடுத்த அறுவடையில், அதாவது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து. அதற்குள் போர்ச் செய்தி முதல் பக்கத்திலிருந்து போய்விட்டிருக்கும். "இப்போது எதற்கு விலை ஏறுகிறது?" என்று எல்லோரும் வியாபாரியை முறைப்பார்கள்.

எது எப்போது வந்து சேரும்

கச்சா எண்ணெய் சில மணி நேரத்தில் நகரும். பெட்ரோல், டீசல் சில நாள்களில் அல்லது வாரங்களில். ஒரு பீப்பாய் 159 லிட்டர். பீப்பாய்க்கு 10 டாலர் ஏறினால் லிட்டருக்கு 6.3 சென்ட் ஏற வேண்டும். அதற்கு மேல் ஏறியிருந்தால் வரி, நாணய மதிப்பு, சுத்திகரிப்பு லாபம் மூன்றில் எது என்று பாருங்கள். போர்க்காலத்தில் கடைசிதான் அடிக்கடி காரணம்: கச்சா கிடைத்தாலும் டீசல் கிடைக்காமல் போகலாம். லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் எல்லாம் குடிப்பது டீசல் என்பதால் உணவு விலைக்கு அதுவே நெருங்கிய உறவு.

நாணய மதிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போர்ப் பயத்தில் பணம் டாலருக்கு ஓடும். 2022 செப்டம்பரில் டாலர் இருபது ஆண்டுகளில் காணாத உயரத்தில் இருந்தது. பொருளின் டாலர் விலை 20 சதவீதம் ஏறி, டாலரும் 15 சதவீதம் ஏறினால், இறக்குமதி செய்பவருக்குக் கூடுதல் 35 அல்ல, 38 சதவீதம். இரண்டையும் பெருக்க வேண்டும், கூட்டினால் போதாது.

கடைசியாக அசைவது கடையில் உள்ள ரொட்டி. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் சுமார் 160 என்ற உச்சத்தைத் தொட்டு, அடுத்த மாதத்திலிருந்தே இறங்கத் தொடங்கியது. கோதுமையின் முன்பேர விலை (பின்னால் தரப்போகும் சரக்குக்கு இப்போதே பேசும் விலை) ஆகஸ்டுக்குள் போருக்கு முந்தைய மட்டத்துக்கே வந்துவிட்டது. பிரிட்டனில் உணவுப் பணவீக்கம் உச்சமான 19 சதவீதத்தைத் தொட்டதோ 2023 மார்ச்சில், சரியாக ஒரு வருடம் கழித்து. அந்தக் குறியீடு அளப்பது துறைமுக அளவிலான மொத்த விலையை. அதற்கும் ரொட்டிக்கும் நடுவில் ஆறு மாத ஒப்பந்தங்கள், அடுமனையின் எரிவாயு, பொட்டலம், கூலி, வண்டி வாடகை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் ஏறும். வசதியான நாடுகளில் ரொட்டி விலையில் கோதுமையின் பங்கு சிறியது. மாவாக வாங்கிச் சமைக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அதுவே பெரும்பங்கு. ஒரே கோதுமை விலை இரண்டு வீட்டில் இரண்டு விதமாக அடிப்பது இதனால்தான்.

இறங்கும்போது இவை எதுவும் ஏறிய வேகத்தில் இறங்காது. பொருளாதாரக்காரர்கள் இதற்கு ராக்கெட்டும் இறகும் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே உணவகம், அடுமனை, விடுதி நடத்துபவர்கள், லாரிக்காரரோ மொத்த வியாபாரியோ "போர்க் கூடுதல்" கேட்டால் மறுக்க வேண்டியதில்லை, எழுதி வாங்குங்கள். எந்த வெளியிடப்பட்ட விலையை வைத்துக் கணக்கு, எந்தத் தேதியின் விலை அடிப்படை, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை திருத்தம், அந்த விலை அடிப்படைக்குக் கீழே போனால் எத்தனை சதவீதம் திரும்ப வரும். முதல் மூன்றுக்கும் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. நான்காவது வரியில்தான் பேரம் நடக்கும், அதைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.