ட்ரான்ஸ்டிசிப்ளினரி: தமிழில் எப்படிச் சொல்வது?

அபிவிருத்தித் திட்ட அறிக்கைகளில் ‘ட்ரான்ஸ்டிசிப்ளினரி’ என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. 2004 சுனாமிக்குப் பின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்த சர்வதேச நிறுவனங்களோடு வேலை செய்தவர்களுக்கு இந்த மாதிரிச் சொற்கள் பழக்கம்தான். அதைப் ‘பல்துறை’ என்று மொழிபெயர்த்து விடுகிறோம். அது பிழை.

லத்தீனில் ‘ட்ரான்ஸ்’ என்றால் கடந்து, அப்பால். ‘டிசிப்ளினா’ என்றால் கற்பித்தல், கல்வித்துறை. மாணவனைக் குறிக்கும் ‘டிசிப்புலுஸ்’ அதன் வேர். 1970இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த கருத்தரங்கில் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இச்சொல்லை முன்வைத்தார். துறைகளுக்கு நடுவே எல்லையே இல்லாத அறிவமைப்பு ஒன்றைத்தான் அவர் நினைத்தார். படிப்பாளிகள் அல்லாதவர்களின் அறிவும் சேர வேண்டும் என்ற பொருள் பிற்பாடு, குறிப்பாக 1990களில், வலுப்பட்டது. அபிவிருத்தி வேலைக்கு வேண்டியது இதுதான்.

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயைப் பாருங்கள். மாரியில் வாவி நிரம்பினால் அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் வெள்ளத்தில் அமிழும். மணல் மூடிய வாயை வெட்டியாக வேண்டும். எப்போது, எந்த இடத்தில்? நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் நீர்மட்ட அளவு இருக்கும். எந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், எத்தனை நாள் தண்ணீர் நின்றால் பயிர் அழுகும் என்பது அதன் நீரையும் வேளாண்மையையும் கவனிக்கும் வட்டவிதானைக்குத் தெரியும். மணல்திட்டு எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறது, இப்போது வெட்டினால் வளர்ந்த இறால் கடலுக்கு ஓடிவிடுமா, கடலில் பொரித்த குஞ்சு உள்ளே ஏறுமா என்பதை மீனவரிடம்தான் கேட்க வேண்டும்.

பொறியியலாளரும் உயிரியலாளரும் பொருளியலாளரும் ஆளுக்கோர் அத்தியாயம் எழுதினால் அது பல்துறை. ஒருவர் முறையை மற்றவர் எடுத்தாண்டால் துறையிடை. வட்டவிதானையும் மீனவரும் கேள்வியை வகுக்கும்போதே கூட இருந்தால்தான் ட்ரான்ஸ்டிசிப்ளினரி. அறிக்கை முடிந்தபின் ஊராரைக் கூட்டிக் கையெழுத்து வாங்குவது இதில் சேராது. அதுதான் அதிகம் நடக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, தமிழ்ச்சொல்? ‘துறைகடந்த’ என்பதே பொருத்தம். கல்வித்துறையும் துறை, தோணி கட்டுமிடமும் துறை. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கிற நமக்கு அந்தச் சொல் அந்நியமாக இராது. பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘துறைகடந்த அறிவிணைவு’ எனலாம். ‘அறிவுக் கலப்பு’ வேண்டாம். கலந்துவிட்டால் யார் சொன்னது எது என்று தெரியாமல் போகும். இணைவில் மீனவர் சொன்னது மீனவர் சொன்னதாகவே அறிக்கையில் நிற்கும்.