உரைகல் சொல்லாத இரண்டு எழுத்துகள்

"தங்கம் சுத்தமானதுதான் சார், நகைக்கடையிலேயே உரைத்துப் பார்த்துவிட்டோம்." இதைக் கேட்டாலே இப்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. சென்ற மாதம் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தம்பதி, இப்படிச் சொல்லியபடிதான் 1870ஆம் ஆண்டின் அமெரிக்க இருபது டாலர் தங்க நாணயத்தை, பழைய நாணயங்களைச் சோதித்துச் சொல்லும் என் மேசைமீது வைத்தார்கள். நாணயத்தின் பின்பக்கம், கழுகின் வாலுக்குக் கீழே 'சிசி' (CC) என்ற இரண்டு எழுத்துகள். நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையின் அடையாளம். பூதக்கண்ணாடியில் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்துகளைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு. அந்த இடத்தில் மட்டும் பொன்னின் நிறம் வேறாக இருந்தது. பிலடெல்பியாவில் அச்சான நாணயங்களில் அடையாள எழுத்து கிடையாது. அப்படிப்பட்ட நல்ல நாணயம் ஒன்றில் யாரோ இந்த இரண்டு எழுத்துகளை ஒட்டியிருக்கிறார்கள். மகளின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்த பணம் அதில் போயிருந்தது. இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது இது.

உரைகல் பொய் சொல்லவில்லை. நீங்கள் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டீர்கள். அந்தக் கால அமெரிக்கத் தங்க நாணயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம், மீதி செம்பு. அதாவது 21.6 காரட், நம் வீட்டு நகைக்குப் பக்கத்தில் வரும். இருபது டாலர் நாணயத்தின் எடை 33.436 கிராம், விட்டம் 34 மில்லிமீட்டர். பிலடெல்பியாவில் அச்சானாலும், சான் பிரான்சிஸ்கோவில் அச்சானாலும், கார்சன் சிட்டியில் அச்சானாலும் இதே தங்கம், இதே எடைதான். அப்படியிருக்க, உரைகல்லும் தராசும் எந்த ஊர் நாணயம் என்று எப்படிச் சொல்லும்? நகையில் விலை பொன்னில் இருக்கிறது. இங்கே விலை அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. முழு எடைக்கு நல்ல தங்கத்தையே போட்டுப் போலி அடித்தவர்களும் உண்டு. தங்கம் உண்மை என்பதால் நாணயமும் உண்மையாகிவிடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அந்த எழுத்துகளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கங்களின் வெள்ளியும் தங்கமும்தான் அந்தப் பாலைவன ஊருக்கு ஒரு நாணயச்சாலையைக் கொண்டுவந்தன. 1870இல் அச்சடிப்பு தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் அடித்த இருபது டாலர் நாணயங்கள் வெறும் 3,789. அவற்றை யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. காகிதப் பணத்தை நம்பாத மேற்குப் பகுதியில் அவை கைக்குக் கை மாறித் தேய்ந்தன. அதனால், புழங்காத நிலையில் ஒரு 1870 இருபது டாலர்கூட இதுவரை அறியப்படவில்லை. யாராவது பளபளக்கும் ஒன்றை நீட்டினால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஆண்டைப் பாருங்கள். கார்சன் சிட்டி நாணயச்சாலை 1886 முதல் 1888 வரை நாணயம் எதுவும் அடிக்கவில்லை. 1893உடன் அச்சடிப்பே நின்றது. 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் இருபது டாலர் அங்கே அடிக்கப்படவில்லை. தங்கத்தில் ஐந்து, பத்து, இருபது டாலர் மட்டும்தான். 'சிசி' போட்ட இரண்டரை டாலரைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நாணயம் அடிக்கும் அச்சுகள் எல்லாம் பிலடெல்பியாவில் செய்யப்பட்டுக் கார்சன் சிட்டிக்கு வந்தவை. எழுத்துகளைப் பிலடெல்பியாவிலேயே கையால் அச்சில் பதித்தார்கள். ஆகவே அச்சுக்கு அச்சு எழுத்தின் இடம் சற்று மாறும், அந்த இடங்களை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் நாங்கள் முதலில் ஒப்பிடுவது அதைத்தான். நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் (PCGS) அல்லது என்ஜிசி (NGC) சான்றளித்து முத்திரையிட்ட பெட்டியில் இருப்பதை வாங்குங்கள். பெட்டியிலும் போலி உண்டு; சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டி, அங்குள்ள படத்தைக் கையிலுள்ள நாணயத்தோடு பொருத்திப் பாருங்கள். "இன்றே வாங்காவிட்டால் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

அந்தத் தம்பதியிடம் இன்னொரு நாணயமும் இருந்தது. 1891ஆம் ஆண்டின் ஐந்து டாலர், 'சிசி'. கார்சன் சிட்டி ஐந்து டாலர்களில் எளிதாகக் கிடைப்பது அதுதான். ஆனால் அசல். எழுத்துகள் அச்சிலிருந்தே எழுந்தவை. நான் மகிழ்ச்சியோடு நிமிர்ந்தபோது அந்த அம்மா சொன்னார்: "அழுக்காக இருந்தது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தேன்." நாணயம் முழுக்கக் கீறல்கள். சான்று நிறுவனத்துக்கு அனுப்பினால் 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்போடுதான் திரும்பி வரும். சேகரிப்பாளர் அதற்குத் தரும் விலை பெரிதும் குறைந்துவிடும். கல்யாணத்துக்கு முன் நகையைக் கழுவுகிற அதே அக்கறையோடுதான் அவர் செய்தார். அவரை என்னால் கடிந்துகொள்ள முடியவில்லை.

அம்மா, அப்பா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பாட்டன் விட்டுச்சென்ற நாணயமானாலும் நேற்று வாங்கியதானாலும் அழுக்கோடு இருக்கட்டும். விளிம்பை மட்டும் பிடியுங்கள். வாங்கப்போவதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னிடமோ, என்னைப் போன்ற வேறொருவரிடமோ காட்டுங்கள். வெறுமனே பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.